பத்திரத்தில் யார் பெயர்

அப்பா அன்று லட்டுப் பெட்டியோடு வந்தார். எங்கள் வீட்டில் லட்டு வந்தால் யாருக்காவது கல்யாணம் நிச்சயமாகியிருக்க வேண்டும், இல்லை போனஸ் வந்திருக்க வேண்டும். எனக்கு முப்பது வயது தாண்டியும் கல்யாணம் நிச்சயமாகவில்லை என்பது எனக்கே நன்றாகத் தெரியும். போனஸுக்கும் அது மாதமில்லை. என்ன விசேஷம் என்று கேட்டேன். சட்டைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாள்களை எடுத்து நீட்டினார்.

"முத்தையாபுரத்து வீட்ட முடிச்சாச்சுளா. அட்வான்ஸும் குடுத்தாச்சு."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் தாளைப் பிரித்தேன். கிரய ஒப்பந்தம். வாங்குபவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் மட்டும் இருந்தது. மூன்று மாதக் கெடு. அதற்குள் மீதிப் பணத்தைக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளாவிட்டால் முன்பணம் திரும்பக் கிடையாது என்று எழுதியிருந்தது. அந்த முன்பணம் அப்பா தன் பி.எஃப். சேமிப்பிலிருந்து வீட்டுக்கென்று எடுத்தது. துறைமுகத்தில் கிரேன் மேல் உட்கார்ந்து நிலக்கரித் தூசியைத் தின்று சேர்த்த காசு. அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இல்லை.

அம்மா என் வாயில் லட்டைத் திணித்தாள். நான் மென்றுகொண்டே தாளை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்று என்னை வீட்டில் கேலி செய்வார்கள். உண்மைதான். ஆனால் இந்தப் பயத்துக்கு என் வேலையும் ஒரு காரணம். நான் ஒரு கிளியரிங் ஏஜென்சி அலுவலகத்தில் இருக்கிறேன். கப்பலில் வந்த சரக்கைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுப்பதற்கு வேண்டிய தாள்களைத் தயார் செய்வது என் வேலை. சரக்கு பத்திரமாக வந்து இறங்கியிருக்கும். தாளில் பெறுபவர் பெயர் ஒன்று மாறியிருந்தால் போதும், கன்டெய்னர் வெயிலில் கிடக்கும். வாடகை ஏறிக்கொண்டே போகும். சரக்குக்குச் சொந்தக்காரர் போனில் கத்துவார், பிறகு கெஞ்சுவார், பிறகு அழுவார். இதை நான் வருஷக்கணக்காகப் பார்த்துவருகிறேன். பேய்க் கதைக்குப் பயப்படாத நான், தாளில் தப்பான பெயரைப் பார்த்தால் பயந்துவிடுவேன்.

"எம் பேரு இதுல இல்லையேப்பா?" என்றேன்.

"ஒம் பேரு எதுக்கு?" என்றார் அப்பா. அவர் முகத்தில் கள்ளம் ஏதும் இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

அப்பாவுக்கு மறு வருஷம் ஓய்வு. நாங்கள் இருந்தது துறைமுகக் குடியிருப்பு. நான் பிறந்ததும் அங்கேதான். ஓய்வு பெற்றால் சில மாதங்களில் காலி செய்தாக வேண்டும். இது முப்பது வருஷமாக எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் குவார்ட்டர்ஸ் வீடு ஒரு மாதிரி மயக்கத்தைக் கொடுத்துவிடும். தண்ணீர் வரும், கரண்டு வரும், ஒழுகினால் ஆள் வந்து பூசிவிட்டுப் போவான். இது நம் வீடு இல்லை என்பதே மறந்துபோகும். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் மனை வாங்கிப் போட்டார்கள். அப்பா வாங்கவில்லை. அவர் தங்கைகளின் கல்யாணம், அம்மாவின் ஆபரேஷன், என் படிப்பு என்று ஏதாவது ஒன்று முந்திக்கொண்டது. பக்கத்து வீட்டு லாரியில் கட்டிலும் பீரோவும் ஏறுவதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அம்மா உள்ளே வந்து, "நம்ம எங்க போக?" என்பாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள்.

நான் ஒரே பிள்ளை. வீட்டுக்கடன் நான் வாங்குகிறேன் என்று இரண்டு வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா "ம்" என்பார். அந்த "ம்"முக்குச் சம்மதம் என்று நான் அர்த்தம் எடுத்துக்கொண்டேன். மகள் மாதத் தவணை கட்ட உதவுவாள், வீடு தன் பெயரில் இருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே வீட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம், ஆனால் ஒரே வீட்டைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டை விற்கிறவர் மார்க்கெட் பக்கம் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்கிறவர். மகன் சென்னையில் தொழில் தொடங்குகிறான், அதற்காக விற்கிறார். அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். யாருக்கு யார் மூத்தவர் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. முந்தின மாதமே மூன்று பேரும் போய்ப் பார்த்திருந்தோம். வீடு பழையதுதான். இரண்டு அறை, முன்னால் கூடமாக ஒரு பட்டாசாலை, பின்னால் முருங்கை. உப்புக்காற்றில் மொட்டைமாடிப் படியின் கைப்பிடிக் கம்பி துருவேறி, தொட்டால் உதிர்ந்தது. ஆனால் ஆஸ்பத்திரி பக்கம், பஸ் பக்கம், படி ஏற வேண்டாம். அம்மா அடுப்படி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "காத்து வருது" என்று மட்டும் சொன்னாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

ஒப்பந்தத் தாளை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். கடன் பிரிவில் இருந்த அதிகாரி பொறுமையானவர். என் சம்பளத் தாள்களைப் புரட்டினார், அப்பாவின் பிறந்த தேதியைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் அடுத்த வருஷம். அவர் பேர்ல போட்டா பென்ஷனைக் கணக்குப் பண்ணினாலும் தொகை பத்தாதும்மா. நீங்க வாங்கணும். நீங்க வாங்கணும்னா வீடு உங்க பேர்ல இருக்கணும்."

"அப்பா பேர்ல வீடு, என் பேர்ல கடன்னு குடுக்க மாட்டீங்களா சார்? ரெண்டு பேர் பேர்லயும் சேர்த்தாவது?"

"மகனா இருந்தா மேல எழுதிப் பார்ப்பேன்." அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மகள்னா, நாளைக்குக் கல்யாணம் ஆகிப் போயிட்டா யார் கட்டுவாங்கன்னு கேப்பாங்க. ஒப்பந்தத்தை உங்க பேருக்கு மாத்திட்டு வாங்க, நான் முடிச்சுத் தர்றேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேஜையைக் கவிழ்த்திருக்க வேண்டும். "சரிங்க சார், தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, ஸ்கூட்டர் ஸ்டாண்டை உதைத்துக் கால் பெருவிரலை வீங்கவைத்துக்கொண்டதுதான் என்னால் முடிந்தது.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். பெயரை மாற்றினால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று சாதாரணமாகச் சொன்னேன். அப்பா சோற்றில் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"அப்ப அது ஒன் வீடு."

"நம்ம வீடுதாம்ப்பா."

"பத்திரத்துல யாரு பேரோ அவுக வீடு. இன்னைக்கு ஒன் வீடு. நாளைக்கு ஒருத்தன் கையில ஒன்னயப் பிடிச்சுக் குடுத்தா அது அவன் வீடு. மருமவன் வீட்டுல கால நீட்டிப் படுக்க எனக்கு வராதுளா."

இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் பக்கம் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. அப்பாவின் ஊர் ஏரலுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை. அவருடைய அப்பா, ஏரலில் வாழ்க்கைப்பட்ட மகளைப் பார்க்கப் போனால் முதலில் பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் மகள் வீட்டுப் படியேறுவாராம். அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் தண்ணீர் மட்டும்தான். இப்போது யாரும் அவ்வளவு பார்ப்பதில்லை. அப்பாவே அத்தை வீட்டுப் பேத்தி சடங்கில் மூன்று தடவை பாயசம் வாங்கிக் குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் போய்வருவது வேறு, குடியிருப்பது வேறு. வேலை பார்க்கிறவரை அவருக்கு இந்த வழக்கமெல்லாம் ஞாபகத்தில் இல்லை. ஓய்வு நெருங்க நெருங்க ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. சம்பளம் நின்றுபோகிற மனுஷன் வேறு எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத்தானே செய்வான் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அம்மாவுக்கு வேறு கவலை. "இருவது வருசக் கடனத் தலையில வச்சிட்டு வார பொண்ண எவன் கட்டுவான்?" என்றாள். ஆக, எங்கள் வீட்டில் இன்னும் வராத ஒருத்தனுக்காக இரண்டு பேர் தூக்கம் கெட்டார்கள். அப்பாவுக்கு அவன் வந்துவிடுவானே என்று பயம், அம்மாவுக்கு வராமல் போய்விடுவானே என்று பயம். எனக்கு அவனைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை. எனக்குக் கெடுதான் பயம்.

அப்பா சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காலையில் எழுந்து ஷிப்டுக்குப் போனார், வந்தார், டிவி பார்த்தார். நாள் போய்க்கொண்டிருந்தது. அலுவலகத்தில் ஒரு தாளை மூன்று தடவை தப்பாக அடித்தேன். எங்கள் முதலாளி எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டதற்கே எழுந்து நின்றுவிட்டேன். இந்த வேலை போய்விட்டால் கடன் ஏது, வீடு ஏது? இதுவரை பிடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்த வேலையை அன்றிலிருந்து பயந்து பயந்து பார்த்தேன். மாதத் தவணை எவ்வளவு வரும் என்று போனில் தட்டிப் பார்ப்பேன். அது முடிகிறபோது எனக்கு என்ன வயது என்று பார்ப்பேன். உடனே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

கெடு பாதிக்கு மேல் போனபிறகு கருப்பட்டிக் கடைக்காரர் எனக்கே போன் செய்தார்.

"தாயி, அப்பாட்ட கேட்டா பிடிகுடுக்க மாட்டுக்காவ. ஒரு பார்ட்டி வந்து நிக்கான். குடோன் போடணும்ங்கான். நீங்க முடிச்சதுக்கு மேலயே தாரேங்கான். நான் வாக்கு மாற மாட்டேன். ஆனா கெடு தாண்டுனா என்னையச் சொல்லக் கூடாது பாத்துக்க."

அவர் மிரட்டவில்லை. அவர் குரலில் இருந்த அந்த நியாயம்தான் என்னைக் கலங்க வைத்தது. மறுநாள் மத்தியானம் அலுவலகத்தில் சொல்லிவிட்டு அவர் கடைக்குப் போனேன். கடைக்குள் போனதும் கருப்பட்டி வாசனை மூக்கை அடைத்தது. ஓலைச் சிப்பங்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. லோடுமேன்கள் வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டு என் பெயருக்குப் புதிதாக எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். வங்கி சொன்னதையும் சொன்னேன்.

அவர் கல்லாவை மூடினார். "எழுதலாம். எனக்கு யாரு பேருக்கு எழுதுனா என்ன? ஆனா நான் ஒங்க அப்பா மொகத்தப் பாத்து அட்வான்ஸ் வாங்குனேன். அவுக வந்து எங்கிட்ட சொல்லட்டும். மக வந்து கேட்டான்னு அவுக பேர அடிச்சிட்டு எழுதுனா, நாளைக்கு அவுக மொகத்துல நான் எப்பிடி முழிக்க?"

அவர் சொன்னது சரிதான். எல்லோருமே சரியாகத்தான் பேசினார்கள். வங்கி அதிகாரி சரி, கடைக்காரர் சரி, அப்பாவும் அவர் வழியில் சரி. இத்தனை சரிகளுக்கு நடுவில் எங்கள் பணம் போகப்போகிறது என்று பட்டது.

அன்றைக்கு வீட்டில் நான் கத்தினேன். அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவ போய்ச் சொல்லிட்டு வாங்களேம்ப்பா. ஒரு வார்த்த. அதுக்கே மானம் போயிருமா?"

"லோடுமேன் எல்லாம் நிப்பாம்ளா அங்கன."

"நின்னா நிக்கட்டும். மானத்தக் கட்டி அழுதுக்கிட்டு அடுத்த வருசம் எங்க போயி இருப்பிய? அம்மாவையும் கூட்டிட்டு பஸ் ஸ்டாண்டுலயா படுப்பிய?"

அம்மா "ஏளா!" என்று அதட்டினாள். அப்பா தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார். இரண்டு இட்லி மிச்சம் இருந்தது. அவர் தட்டில் மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் அவருக்குக் காலை ஷிப்டு. போனார். மத்தியானம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அம்மா என் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். "அப்பா இன்னும் வரலளா. போனும் ஆப்புல கெடக்கு." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ரொம்பச் சாதாரணமாக இருந்தது, அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

துறைமுகக் கேட்டுக்குப் போனேன். அப்பாவோடு வேலை பார்க்கிற ஒருவர் வெளியே வந்துகொண்டிருந்தார். "இன்னைக்கு லீவுன்னு சொல்லிட்டாவளே. ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் மாமா, மறந்துவிட்டேன் என்று ஏதோ சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன். அப்படி ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த நேரத்திலும் அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று வாய் தானாகப் பொய் சொல்லிவிட்டது.

பழைய பஸ் ஸ்டாண்ட், கோயில், அவர் டீ குடிக்கிற கடை எல்லாம் பார்த்தேன். பிறகு கடற்கரைச் சாலை. வெயில் சுட்டது. ஆள் இல்லை. நான் வண்டியை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தேன். அப்பா செத்துப்போயிருப்பாரோ என்று நினைத்தேன். இதை எழுதக் கூசுகிறது, ஆனால் அதைத்தான் நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் படுப்பிய என்று நான் சொன்ன வார்த்தை திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. வீடு வேண்டாம், அந்தப் பணமும் போகட்டும், ஆள் வந்தால் போதும் என்று திருச்செந்தூர் முருகனிலிருந்து பனிமய மாதா வரை நினைவுக்கு வந்த எல்லோரிடமும் வேண்டினேன். கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு ஆபத்துக்குச் சாமி பேதம் கிடையாது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது போன் அடித்தது. கருப்பட்டிக் கடைக்காரர். "தாயி, ஒடனே கடைக்கு வா. அப்பா இங்கனதான் இருக்காவ."

அவர் வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். அப்பா கடையில் மயங்கி விழுந்திருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எந்தத் தெருவழியாகப் போனேன் என்று இன்றும் ஞாபகம் இல்லை.

அப்பா ஒரு சிப்பத்தின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வேட்டி ஓரமெல்லாம் சேறு. என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"எங்கப்பா போனிய?"

"ஊருக்குப் போனேன். வயல வித்துரலாம்னு பாத்தேன்." அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். ஆற்றங்கரை வயலில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. சொந்தக்காரர்கள் உழுதுகொண்டிருந்தார்கள். அதை விற்றால் மீதிப் பணத்தைத் தானே கட்டிவிடலாம், மகள் பெயர் தேவைப்படாது என்று போயிருக்கிறார். "பங்கு பிரிச்சுப் பிரிச்சு, இப்ப எனக்குன்னு கெடக்கது வரப்போட சேத்து ஒரு மாடு படுக்கதுக்குத்தான் காணும். அதுல எறங்கி நின்னு பாத்துட்டு வாரேன்."

"போன ஏன் ஆப் பண்ணிய?"

"நீ கூப்புட்டா பேசிருவேன். பேசுனா திரும்பிருவேன்."

கடைக்காரர் எதையும் கேட்காதவர் மாதிரி தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். லோடுமேன்கள் சுமையை இறக்கிவிட்டு நிழலில் நின்றார்கள். அப்பா எழுந்தார். அத்தனை பேரும் இருக்க, தொண்டையைச் செருமிக்கொண்டு, கிரேன் மேலிருந்து கீழே ஆளுக்குச் சத்தம் கொடுக்கிற குரலில் சொன்னார்.

"அண்ணாச்சி, ஒப்பந்தத்த எம் மக பேருக்கு எழுதிக்கிடுங்க. வீடு அவளுக்கு. நான் அவகிட்ட ஒத்திக்கு இருக்கப் போறேன்."

ஒத்தி என்பது எங்கள் பக்கம் சாதாரணம். வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுக் குடியிருக்கலாம். காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். வாடகையும் கிடையாது, வட்டியும் கிடையாது, யாருக்கும் யாரும் கடமைப்பட்டதும் கிடையாது. ஒத்திக்கு இருக்கிறவன் தன் காசுக்குத்தான் இருக்கிறான். ஏரல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த அப்பா இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார். தான் கொடுத்த முன்பணம்தான் ஒத்திப் பணம். மகள் வீட்டில் சும்மா இருக்கப் போவதில்லை.

லோடுமேன் ஒருவர் சிரிக்கப் பார்த்தார். கடைக்காரர் அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு அடங்கிவிட்டது. "நல்ல ஏற்பாடுதான் அண்ணாச்சி. நாளைக்கே எழுதிருவோம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தாயி, டீ குடி. மொகம் வெளிறிக் கெடக்கு" என்றார்.

அதன்பிறகு காரியம் வேகமாக நடந்தது, என் பயம் மட்டும் நிற்கவில்லை. வங்கியின் இன்ஜினியர் வந்து துருப்பிடித்த கம்பியைச் சுண்டிப் பார்த்தபோது பயந்தேன். வக்கீல் மூலப்பத்திரத்தைக் கேட்டபோது பயந்தேன். பதிவு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் சர்வர் கொஞ்ச நேரம் நின்றபோது, கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று தெரிந்தும் பயந்தேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். விரல் ரேகை வைத்தேன். அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அம்மா வெளியே வேப்பமரத்தடியில் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். அப்பா ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் பத்திர எழுத்தரின் கடைக்குள் நுழைந்தார். எங்கள் கிரயப் பத்திரத்தை எழுதியவரும் அவர்தான். நாங்கள் இருவரும் பின்னால் போனோம்.

"ஒரு ஒத்திப் பத்திரம் எழுதணும்," என்றார் அப்பா. "வீட்டுக்காரி இவ. ஒத்திக்கு வாரது நானும் இவளும்." அம்மாவைக் காட்டினார்.

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். "பேங்க்ல அடமானம் இருக்குத வீட்டுக்கு ஒத்தி எழுத முடியாது அண்ணாச்சி. எழுதுனாலும் செல்லாது."

"செல்லாட்டா என்ன? நான் என்ன கோர்ட்டுக்கா கொண்டுட்டுப் போவப் போறேன்? எழுதுங்க."

நான் கையைப் பிடித்து இழுத்தேன். "வேண்டாம்ப்பா. கடையில சொன்னதே போதும்." அவர் அசையவில்லை. எழுத்தருக்கும் சாயங்கால வியாபாரம் இல்லை போலிருக்கிறது. ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். பெயர்கள், முகவரி, தொகை எல்லாம் எழுதினார். வீட்டுக்காரி என்ற இடத்தில் என் பெயரை அவர் சத்தமாகப் படித்தபோது அப்பா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

"காலம்? வழக்கமா மூணு வருசம் போடுவோம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். இத்தனை மாதமாக எதற்கும் முடிவாக ஒன்றும் சொல்லாத அம்மா வாயைத் திறந்தாள்.

"எங்க ரெண்டு பேரு காலம் வரைக்கும்னு போடுங்க."

எழுத்தரின் பேனா நின்றது. "சரி. காலம் முடிஞ்சா ஒத்திப் பணத்த யாருகிட்டத் திருப்பிக் குடுக்கணும்னு எழுத?"

"அவகிட்டதான்," என்றார் அப்பா.

"குடுக்கவளும் அவ, வாங்குதவளும் அவளா?"

"ஆமா. வேற யாரு இருக்கா எங்களுக்கு?"

எழுத்தர் எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பினார். அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். அம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதியிருந்தாள். அதுவரை என் பயமெல்லாம் வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்பதுதான். வீடு கிடைத்துவிட்டது. இப்போது அந்த வீட்டிலிருந்து இவர்கள் இரண்டு பேரும் போகிற நாளுக்கு என் கையெழுத்தைக் கேட்கிறார்கள். பேனாவின் மூடியைக் கழற்றினேன், திரும்பவும் மூடினேன். வங்கியில் அத்தனை தாளில் கையெழுத்துப் போட்டபோதுகூட இப்படித் தயங்கவில்லை.

"போடுளா, நேரமாவுது," என்றார் அப்பா.

எழுத்தர் சொன்னதுபோல இது செல்லாத தாளாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.